ஓசியில எடுக்கத் தெரியுது, காசுன்னா மட்டும் வாய் மூடிக்குது

நாம ஓசியில எடுத்து யூஸ் பண்ற ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேர், அதாவது யார் வேணா எடுத்துக்கலாம்னு கோட திறந்து வச்சிருக்குற சாஃப்ட்வேர், அத எழுதுறவங்களுக்கு கம்பெனி கொஞ்சம் பணம் குடுக்கலாமேன்னு கேட்டா, மறுபடியும் அதே பதில். "பட்ஜெட் இல்ல, அதான் ஃப்ரீயா கிடைக்குதே." கேக்கும்போதே பத்திக்கிட்டு வருது. ப்ராஜெக்ட்டோட டிபென்டென்சி லிஸ்ட்ட, அதான் நம்ம ப்ராஜெக்ட் நம்பி நிக்குற வெளி சாஃப்ட்வேர் பட்டியல, ஒரு தடவை திறந்து பாருங்கய்யா, நாம எழுதுன கோடு எவ்ளோ, யாரோ வேலை முடிஞ்சு வந்து ராத்திரி கண்ணு முழிச்சு எழுதுன கோடு எவ்ளோன்னு தெரியும். சாட் டூலுக்கு ஆளுக்கு இவ்ளோன்னு மாசாமாசம் பணம் போகுது, ஒருத்தர் வாய் திறக்கல. நம்ம ப்ரோக்ராம டேட்டாபேஸோட பேச வைக்கிற டிரைவர் சாஃப்ட்வேர எழுதுறவருக்கு ஒரு சின்ன தொகை ஸ்பான்சர் பண்ணலாம்னா மட்டும் இன்வாய்ஸ் எங்க, வெண்டார் ரெஜிஸ்ட்ரேஷன் எங்க, யாரு அப்ரூவ் பண்ணாங்கன்னு ஆயிரம் கேள்வி!

ஆனா ஒரு பக் வந்துட்டா போதும், "எப்போ சரி பண்ணுவீங்க, எங்க ரிலீஸ் நிக்குது"ன்னு அந்த மனுஷன்கிட்ட போய் அதட்டுறது. அவரு என்ன உங்ககிட்ட சம்பளமா வாங்குறாரு?

2014ல ஹார்ட்பிளீட்ங்கிற பாதுகாப்பு ஓட்டை வந்தப்பவே பாத்தோமே, இன்டர்நெட்ல போற தகவல பூட்டி அனுப்ப உலகமே நம்பிக் கிடந்த ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு அதுவரை வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான். 2021 டிசம்பர்ல லாக்4ஜே, ஜாவா ப்ரோக்ராம்ல நடக்குறத பதிவு பண்ற சாஃப்ட்வேர், அதுல பெரிய ஓட்டை, அதையும் ராப்பகலா உக்காந்து சரி பண்ணது வாலண்டியர்ஸ்தான். 2024ல எக்ஸ்இசட்ங்கிற ஃபைல் சுருக்குற டூல், அத ஒத்த ஆளா தாங்கிட்டு இருந்தவர் ஓஞ்சு போன நேரம் பாத்து, உதவி பண்றேன்னு உள்ள வந்து பேக்டோர், அதான் ரகசியமா உள்ள நுழையுற திருட்டு வழி, வச்சுட்டாங்க. ஒவ்வொரு தடவையும் அலறி அடிச்சு, அவசர மீட்டிங் போட்டு, பேட்ச் பண்ணிட்டு, அடுத்த வேலைய பாக்கப் போயிடுறாங்க. இன்னும் எத்தனை தடவை பட்டாதான் கம்பெனி செலவுக் கணக்குல இவங்களுக்குன்னு ஒரு லைன் சேரும்?