மாத்திரையைத் தூக்கிப் போடச் சொன்னவருக்கு

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும் அந்த வீடியோவைப் பற்றித்தான். வயிற்றில் கிருமி என்றால் ஆன்டிபயாடிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தயிரும் பழைய சோறும் சாப்பிட வேண்டுமாம். தப்பு என்று கீழே ஒரு வரி எழுதினேன். உடனே எனக்கு மருந்துக் கம்பெனி ஏஜென்ட் என்று பட்டம்.

திரும்பவும் சொல்கிறேன். புரோபயாடிக், அதாவது உடம்புக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள், துணைக்கு வருவது. ஆன்டிபயாடிக்கின் வேலையை அது செய்யாது.

அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பியில் அல்சரும், கூடவே ஹெலிகோபாக்டர் பைலோரியும் தெரிந்தன. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து, அல்சரில் அதன் பங்கைக் காட்டியதற்குத்தான் 2005இல் மார்ஷலுக்கும் வாரனுக்கும் நோபல் பரிசு. இரண்டு ஆன்டிபயாடிக், அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, 14 நாள். பாதியிலேயே வயிற்றுப்போக்கு, வாயெல்லாம் கசப்பு. "கஞ்சிகூடக் கசக்குதும்மா, போதும்" என்று அட்டையைத் தள்ளி வைத்துவிட்டார். டாக்டர் ஆன்டிபயாடிக்கை நிறுத்தவில்லை. கூடவே சாக்கரோமைசிஸ் பொலார்டி என்ற புரோபயாடிக்கை எழுதினார். அது ஈஸ்ட் வகை, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைக் கொல்லாது. போக்கு மட்டுப்பட்டது, அப்பா கோர்ஸை முடித்தார். முடித்தார், அதுதான் முக்கியம்.

தயிரிலும் நல்ல பாக்டீரியா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் வீட்டுத் தயிரில் எந்த வகை, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் மாதிரி மருந்துகளைத் தயிரோடு சேர்த்து விழுங்கினால், அதிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சரியாகச் சேராது. வீடியோவில் இதைச் சொன்னாரா?

புரோபயாடிக்கே வீண் செலவு என்று இன்னொரு கூட்டம். 2013இல் பிரிட்டனில், ஆன்டிபயாடிக் எடுத்த முதியவர்கள் சுமார் 3,000 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை, உண்மைதான். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு ஆபத்தும் உண்டு. அதனால்தான் டாக்டரைக் கேளுங்கள் என்கிறேன். எல்லோரும் வாங்குங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? சாதாரண வைரஸ் வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம், ஓ.ஆர்.எஸ். போதும் என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! அப்போதெல்லாம் நான் ஏஜென்டாகத் தெரியவில்லையா?

ராத்திரியெல்லாம் பாத்ரூம் வாசலில் அப்பாவுக்காக நின்றவள் நான். எனக்கு யாரும் கமிஷன் தரவில்லை. பாதியில் நிறுத்தியவருக்கு அதே கிருமி, அந்த மருந்துக்கு அடங்காமல் திரும்ப வந்தால், அடுத்த மருந்தை யார் எழுதித் தருவது? வீடியோ போட்ட நீங்களா?