சிமோன் பைல்ஸ் அணியைக் கைவிட்டு ஓடினாரா?

"டோக்கியோ ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸ் பாதியிலேயே ஓடிப்போனார், அமெரிக்க அணிக்குப் பதக்கமே போச்சு" என்று பரவும் தகவல் தவறு.

2021 ஜூலை 27 அன்று ஜிம்னாஸ்டிக்ஸ் அணி இறுதிப்போட்டியில், அமெரிக்க வீராங்கனையான அவர் விலகியது உண்மைதான். ஓடிவந்து ஒரு மேடைமேல் கையூன்றித் தாவும் வால்ட்டில், அந்தரத்தில் இரண்டரை முறை சுழல வேண்டியவர் ஒன்றரையோடு இறங்கினார். அந்தரத்தில் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வே தப்பிவிட்டது. அதோடு தொடர்ந்திருந்தால் தலைகுப்புற விழுந்து முதுகெலும்பு முறிந்திருக்கலாம். இதையா கோழைத்தனம் என்பது?

சற்று நேரத்தில் அரங்குக்குத் திரும்பி, கடைசிவரை தோழிகளை உற்சாகப்படுத்தினார். அவருக்குப் பதிலாக ஜோர்டன் சைல்ஸும் சுனிசா லீயும் களமிறங்கினார்கள். அணி வெள்ளி வென்றது. அப்புறம் ஆகஸ்ட் 3 அன்று குறுகலான கட்டைமேல் சாகசம் செய்யும் பீம் பிரிவில் பைல்ஸே வெண்கலம் வாங்கினார்.