பதினேழு படி

என் வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் 32 வருஷம் இருந்தவர். எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்கும் தாலுகா ஆபீசுக்கும் டேப் பிடித்து அளந்த மனுஷன், போன ஆவணியில் சொந்த வீட்டுப் படியில் விழுந்தார். மேலிருந்து மூன்றாவது படி, கையில் பால் தூக்கு. தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. வயது 72.

திருச்சி கே.கே.நகரில் 1996இல் கட்டிய வீடு. கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, காற்று வரும் என்று நாங்கள் மாடியில் இருந்தோம். மாடிப்படிக்கு இடம் வீணாகக் கூடாதென்று அவரே நெருக்கிப் போட்ட படி. ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு வந்தவர் முதல் வேலையாக என்னை டேப் எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொன்றும் 8 அங்குலம். வீட்டுப் படி 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. இது 200க்கும் மேல். “வேற எவனாவது கட்டியிருந்தா மெமோ கொடுத்திருப்பேன்” என்றார்.

ஆஸ்பத்திரிக் கதையை நீட்ட விரும்பவில்லை. அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக என் பென்ஷனில் அப்போது மாதம் 497 ரூபாய் பிடித்தார்கள். 2022 ஜூலையிலிருந்து நாலு வருஷத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு. பட்டியலில் இருக்கிற மருத்துவமனைதான், பெயர் வேண்டாம். “இந்த இம்ப்ளான்ட் பேக்கேஜ்ல வராதும்மா” என்று தனியாகக் கட்டச் சொன்னார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு யாரிடம் நியாயம் பேசுவது? கட்டினேன். ரசீதை மட்டும் விடாமல் கேட்டு வாங்கினேன், நீங்களும் வாங்குங்கள். நடுவில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் வேறு. அது பல் பிடுங்குகிற மாதிரி முடிந்துபோனது.

அப்புறம்தான் வீட்டுப் பேச்சு ஆரம்பித்தது. பையன் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போனான். லிஃப்ட் உண்டு, பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, மருமகள் தங்கமான பெண். நாலு மாசம் இருந்தோம். இவர் பால்கனியில் உட்கார்ந்து எதிர் டவரில் எத்தனை ஏசி என்று எண்ணிக்கொண்டிருந்தார். பெண், வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்புக்கு வாருங்கள் என்றாள். சொந்தத்தில் ஒருவர், “இப்பவே பிள்ளைகள் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடுங்க, குடும்பத்துக்குள்ள முத்திரைத் தீர்வை 40,000க்கு மேல போகாது” என்று கணக்கே போட்டுவிட்டார்.

இந்த ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரி. செலவு குறைவு என்பதற்காகத் தலைமேல் இருக்கிற கூரையை எழுதிக்கொடுப்பார்களா? பிள்ளைகள் பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்று 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தைப் பற்றித்தான் அந்தப் பிரிவு பேசுகிறது. தவிர, பெற்ற பிள்ளைமேல் மனு கொடுக்கப் போகிற நிலைமை வந்த பிறகு ரத்தானால் என்ன, ஆகாவிட்டால் என்ன? உயில் எழுதினால் போதும். மனசு மாறினால் மாற்றி எழுதலாம். என் பிள்ளைகள் நல்லவர்கள், அதனால்தான் இதை இங்கேயே தைரியமாக எழுதுகிறேன்.

மாசியில் துணிமணி எடுக்க நான் மட்டும் திருச்சி வந்தேன். கீழ்வீட்டுப் பெண் காபி கொண்டுவந்தாள். பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “டீச்சர், நாங்க மேல போயிடறோம். நீங்க கீழ வாங்களேன்” என்றாள்.

ஆறு மாசமாக மூன்று ஊரிலிருந்து வீடியோ காலில் பேசிய பட்டதாரிகள் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. எங்களுக்கு வீடு இடைஞ்சலாக இருந்ததே இல்லை. பதினேழு படிதான் இடைஞ்சல். விழுந்த பயத்தில் யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

வாடகையில் ஆயிரம் குறைத்துக்கொண்டோம். படியின் இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டாயிற்று. இனி ஏறி இறங்கப்போவது அவர்கள்தானே. கீழே வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, பாத்ரூம் வாசலில் இருந்த இரண்டு அங்குலத் தடுப்பை உடைத்தோம். பிளம்பர் கம்பியைத் தன் தோள் உயரத்துக்கு மாட்டப் போனான். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, எழுந்து காட்டி, டேப் வைத்து இடம் குறித்துக்கொடுத்தார்.

இப்போது காலை ஆறு மணிக்கெல்லாம் தலைக்கு மேலே அந்த வீட்டுப் பையன் திடுதிடுவென்று ஓடுகிறான். போய்ச் சொல்லலாமா என்று கேட்டேன். “பதினோரு வருஷம் உன் அம்மிச் சத்தத்தை அவங்க கேட்டாங்கல்ல” என்கிறார்.