பதிவேட்டில் செடி இருக்கு, சொன்னவர் எங்கே?

மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளை, அதாவது ஊராட்சியில் உள்ள செடிகளையும் உயிர்களையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் குறித்துவைக்கும் ஏடுகளை, கணினியில் ஏற்றுவது நல்ல வேலைதான். ஆனால் எதை ஏற்றப் போகிறோம்? 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காவிட்டால் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் மாநிலங்களை நெருக்கியது. பக்கத்து ஊராட்சிப் பட்டியலில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிய பதிவேடுகள் அந்த அவசரத்தில் பிறந்தவை. அவற்றை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குவதால் யாருக்கும் ஒரு ரூபாய் வராது.

இந்தச் செடியையும் அறிவையும் வைத்துச் சம்பாதிப்பவர்கள், அதைக் காத்தவர்களுக்கு ஒரு பங்கு தர வேண்டும் என்பது பல்லுயிர்ச் சட்டம். அந்தப் பங்கு யாருக்கு என்ற சிக்கலைப் புரிந்துகொள்ள அகத்தியமலையின் கேரளப் பக்கத்தைப் பாருங்கள். 1987-ல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணிப் பழங்குடியினர், களைப்புத் தெரியாமலிருக்க ஆரோக்கியப்பச்சைப் பழத்தைத் தின்றார்கள். திருவனந்தபுரம் தாவரவியல் பூங்கா நிறுவனம் அந்தச் செடியின் இலையிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கி, கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் தந்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம், ராயல்டி 2 சதவீதம், இரண்டிலும் பாதி காணிகளுக்கு. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். ஆனால் பணத்தை வாங்கிக்கொள்ள ஓர் அமைப்பே இல்லை. காணிகளுக்கான அறக்கட்டளை பதிவானது 1997-ல், பணம் வந்து சேர்ந்தது 1999-ல். சொன்னவர்கள் ஓரிருவர், அறிவோ பல குடியிருப்புகளுக்குச் சொந்தம். வைத்தியம் பார்க்கும் பிலாத்திகள் சிலர், அந்த அறிவை விற்றதையே எதிர்த்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், செடிப் பட்டியலைவிட சம்மதப் பதிவு முக்கியம். சொன்னவர் யார், எந்தக் குடியிருப்பு, யார் சார்பில் சொன்னார், எதைப் பொதுவில் போடலாம், எதைப் போடக் கூடாது - இதை அவர் பேச்சிலேயே ஒலிப்பதிவாக எடுங்கள். புரியாத படிவத்தில் வைத்த கைரேகை சம்மதம் ஆகாது. பதிவேட்டைப் பொறுப்பேற்றிருக்கும் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் தீர்மான எண்ணும் தேதியும் ஒவ்வொரு பதிவோடும் இருக்கட்டும். குறிப்பிட்ட ஆளிடமோ குழுவிடமோ பெற்ற அறிவு என்று காட்ட முடிந்தால்தான் தொகையை நேராக அவர்களுக்கே கொடுக்கச் சொல்ல முடியும். இல்லையென்றால் அது பொது நிதிக்குப் போய்விடும்.

செடியை அடையாளம் காட்ட ஊர்ப்பெயர் மட்டும் போதாது. சிறியாநங்கை என்றால் பல ஊரில் நிலவேம்பு, சில ஊரில் வேறு செடி. முழுச்செடி, இலையின் இருபுறம், பூ, காய், பட்டை எல்லாவற்றையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். கூடவே பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கிடையில் அழுத்தி உலர்த்துங்கள். முதல் சில நாள் தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்து மாதிரி வீணாகும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடமும் நேரமும் அழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

ஆனால் அந்த இடக்குறிப்பு பொதுத்தளத்துக்குப் போகவே கூடாது. அரிய கிழங்கின் துல்லியமான ஆயத்தொலைவைப் போடுவது, தோண்டுகிறவனுக்கு வழிகாட்டுவது. செடி, விலங்குப் படங்களை மக்கள் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடத்தை மறைக்கும் தேர்வு உண்டு. அதைப் போட்டால் 0.2 டிகிரி (சுமார் 20 கி.மீ.) கட்டத்துக்குள் எங்கோ ஓரிடத்தைத்தான் காட்டும். நம் பதிவேட்டுக்கும் இரண்டு அடுக்கு வேண்டும். பெயர், படம், ஊராட்சி வெளியே. மருந்துமுறை, சேர்மானம், இடம், ஒலிப்பதிவு குழுவின் பூட்டுக்குள். நாட்டின் பாரம்பரிய அறிவு மின்னூலகமே காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும், ஒப்பந்தம் போட்டுத்தான் பல ஆண்டுகள் திறந்தது. ஊராட்சி மட்டும் ஏன் எல்லாவற்றையும் இணையத்தில் கொட்ட வேண்டும்?

பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தம் வேறு ஒரு ஓட்டையைப் போட்டிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நூல்களில் உள்ள அறிவுக்கும், பயிரிட்ட மூலிகைக்கும் பங்கு தருவதிலிருந்து விலக்கு. ஆகவே 'காய்ச்சலுக்குக் கசாயம்' என்று மொட்டையாக எழுதினால், அதுதான் நூலிலேயே இருக்கிறதே என்று ஒதுக்கிவிடலாம். எந்தப் பருவத்தில் எந்தப் பகுதி, எதோடு சேர்த்து, எவ்வளவு என்று நூலிலிருந்து வேறுபடும் இடத்தைப் பூட்டிய அடுக்கில் விரிவாக எழுதுங்கள். காட்டில் தானாக வளர்ந்ததா, நட்டதா என்பதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். பயிரிட்டதுதான் என்று விலக்குப் பெற, விளைந்த இடத்துக்கான சான்று கேட்டு யாராவது வந்தால், குழு அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

வெளியே போகும் சரக்குக்கும் கணக்கு வேண்டும்: தேதி, வாங்கியவர், விலை, எடை. பச்சை எடையா காய்ந்த எடையா என்று எழுதாத கணக்கு பயன்படாது, இலை காய்ந்தால் நாலில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கும். வணிகத்துக்கு எடுப்பவரிடம் சேகரிப்புக் கட்டணம் வசூலிக்கச் சட்டமே (பிரிவு 41) குழுவுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. உங்கள் ஊராட்சியில் இதுவரை எவ்வளவு வசூலானது என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.