மாத்திரை அட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்ட அய்யாவுக்கு

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அய்யாவின் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். அந்த வீடியோவை இதுவரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் ஏழு பேர் சொந்தக்காரர்கள். ஒரு சித்தப்பா, 'உன் அண்ணனுக்கும் பார்க்கலாமே' என்று எழுதி, கைகூப்பும் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தார். இனியும் பேசாமல் இருந்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும். அதற்கும் மாத்திரை வேண்டாம் என்பார் அய்யா.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். முன்வரிசையில் இருந்த அந்தத் தகப்பனார் எழுந்து போய் மகன் மனச்சிதைவு நோய்க்குப் போடும் மாத்திரை அட்டைகளை மேடையில் கொடுக்கிறார். அய்யா அவற்றை வாங்கித் தூக்கிக் காட்டி, 'இது மாத்திரை இல்லை, சங்கிலி. இதற்கு அடிமையாக இருக்காதே, மூன்று மாதத்தில் இந்த நோயை முடித்துவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டுக் குப்பைத் தொட்டியில் போடுகிறார். மண்டபமே கைதட்டுகிறது. அந்தப் பையன் மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவு நீண்டகால நோய். மூன்று மாதத்தில் 'முடித்துவிடுகிற' நோய் அல்ல. டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரீனியா என்று சொல்லும் இந்த நோய் பெரும்பாலும் பதினெட்டு வயதிலிருந்து முப்பதுக்குள் தலைகாட்டும். யாரும் பேசாதபோது குரல் கேட்கும். ஊரே தனக்கு எதிராகச் சதி செய்கிறது என்று தோன்றும். சினிமாவில் வருவதுபோல ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பது இது அல்ல. சரியாக மருந்து எடுத்தால் பலருக்குக் குரல்கள் அடங்கும். ஆனால் குரல் அடங்கியது என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டுக்கு இரண்டு வருடமும் ஒரு பெரிய அடியும் தேவைப்பட்டன.

எங்களுக்குச் சோழவந்தான் பக்கம். அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அண்ணன் பாலிடெக்னிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார். 1999இல் ஒருநாள், டீக்கடை ரேடியோவில் செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார் என்று சொன்னார். நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், எனக்கு அப்போது பதினான்கு வயது. பிறகு சாப்பாட்டில் அம்மா ஏதோ கலக்கிறாள் என்றார். பாண்டி கோவிலுக்குப் போனோம், எலுமிச்சம்பழம் மந்திரித்தோம், கறுப்புக் கயிறு கட்டினோம். ஐந்து மாதம் கழித்துத்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரை ஆரம்பித்த இரண்டு மாதத்தில் அண்ணன் ஏறக்குறைய பழைய அண்ணன் ஆகிவிட்டார். கொடிக்காலுக்குப் போய் வெற்றிலை கிள்ளினார்.

அங்கேதான் தப்பு நடந்தது. எட்டாவது மாதம் ஒரு சம்பந்தம் வந்தது. பெண் வீட்டார் வரும் நேரத்தில் அலமாரியில் மாத்திரை இருந்தால் நன்றாகவா இருக்கும்? 'அதுதான் சரியாகிவிட்டதே' என்று அப்பா நிறுத்திவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆசையில் நிறுத்தினார். முதல் மூன்று வாரம் அண்ணன் இன்னும் தெளிவாக இருந்தார், தூக்கக் கலக்கம் போய்விட்டது. பார்த்தாயா என்றார் அப்பா. ஏழாவது வாரம் அண்ணனைக் காணவில்லை. ஒன்பது நாள் கழித்து மானாமதுரை ரயில் நிலையத்தில் கண்டுபிடித்தோம். காலில் செருப்பு இல்லை. அம்மாவைப் பார்த்ததும், 'உங்களை யார் அனுப்பினார்கள்?' என்று கேட்டார்.

அய்யா, நீங்கள் மூன்று மாதம் என்கிறீர்கள். முதல் மூன்று வாரம் எப்படி இருக்கும் என்று எங்களுக்கும் தெரியும். அந்தப் பையன் அடுத்த கூட்டத்தில் மேடையேறி நன்றாகப் பேசவும் கூடும், நீங்கள் அதையும் வீடியோ எடுப்பீர்கள். ஏழாவது வாரம் அவன் வீட்டுக்கு நீங்கள் போவீர்களா?

நான் ஒரு வீட்டுக் கதையை வைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 2012இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது நூற்றுக்கு 27 பேருக்கு. மருந்து நிறுத்தப்பட்டு வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 பேருக்கு. மருந்து எடுத்தும் 27 பேருக்குத் திரும்பியிருக்கிறதே என்று ஒருவர் கிளம்பி வருவார் என்று தெரியும். ஆமாம், திரும்பியிருக்கிறது. அதனால்தான் இது நீண்டகால நோய் என்று தொண்டை கிழியச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. தனக்கு நோய் இருக்கிறது என்பதே நோயாளிக்குத் தெரியாமல் போவது இந்த நோயில் மிகவும் சகஜம். சர்க்கரை நோயாளிக்குத் தன் சர்க்கரை தெரியும். என் அண்ணன் மோசமாக இருந்த நாட்களில், 'எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள்தான் எனக்கு விஷம் கொடுக்கிறீர்கள்' என்றார். அந்த நோய் உள்ளே இருந்து எதைச் சொல்கிறதோ, அதையே அய்யா வெளியே இருந்து மைக் பிடித்துச் சொல்கிறார். அப்புறம் அந்தப் பையன் யாரை நம்புவான்?

சர்க்கரை என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. ஜிகர்தண்டா குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிற ஊர் இது. இருபது வருடமாகப் போடுகிறார்கள். ஒருவரையாவது 'அடிமை' என்று யாராவது சொன்னதுண்டா? வீடியோ அனுப்பிய சித்தப்பாவே காலையில் ஒன்று, இரவில் ஒன்று போடுகிறார்.

'பக்க விளைவே இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. நான் மறைக்கப் போவதில்லை. அண்ணன் இரண்டே வருடத்தில் இருபது கிலோ ஏறினார். கை நடுங்கும், காலையில் எழ மாட்டார். அதற்கு டாக்டரிடம் சண்டை போட்டிருக்கிறேன். மருந்தை மாற்றினார்கள், அளவைக் குறைத்தார்கள், வருடத்துக்கு இரண்டு முறை ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிறார்கள். தினமும் விழுங்க முடியாதவர்களுக்கு மாதம் ஒரு ஊசி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சண்டை போடுவதும் மேடையில் அட்டையைத் தூக்கி எறிவதும் ஒன்றா?

'சிலர் மருந்து இல்லாமலே நன்றாக இருக்கிறார்களே' என்பீர்கள். இருக்கிறார்கள், சிலர். ஒருமுறை வந்து, பிறகு தலைகாட்டாமல் போனவர்களும் உண்டு. அந்தச் சிலரில் இந்தப் பையனும் ஒருவனா என்பது மண்டபத்தில் மைக் பிடித்தவருக்கு எப்படித் தெரிந்தது? இதற்குமேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

'சாமியை நம்பாதவள்' என்றும் ஒருவர் கமெண்ட் போடுவார். அம்மா இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் பாண்டி கோவிலுக்குப் போகிறாள், நான்தான் கூட்டிப்போகிறேன். பாண்டி முனி ஒருநாளும் மாத்திரையை நிறுத்து என்று சொன்னதில்லை.

சங்கிலி என்றாரே, அந்த வார்த்தைக்காகவே அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மானாமதுரையிலிருந்து கூட்டிவந்த பிறகு அப்பா உடைந்துபோய்விட்டார். இரவெல்லாம் வாசலில் காவல் உட்கார முடியவில்லை. யாரோ ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்துக்கொள்ளும் ஒரு காப்பகத்தைச் சொன்னார்கள். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஓலைக் கொட்டகை, எல்லாரையும் காலில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள், ஆனால் எங்கும் ஓடிப்போக முடியாது என்றார். ஓடிப்போக முடியாது என்பது அன்றைக்கு எங்களுக்கு நிம்மதியாகக் கேட்டது. ஆடி முடியட்டும், ஆவணியில் கொண்டுபோய் விடலாம் என்று முடிவானது. 2001 ஆகஸ்ட் 6, ஆடி மாதம். ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அன்று முழுவதும் கொடிக்காலிலேயே இருந்தார். மறுநாள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். அது அப்பா பார்த்த காப்பகம்தானா என்று நான் கேட்டதில்லை.

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. என் அண்ணனை இன்றுவரை கட்டாமல் வைத்திருப்பது, அய்யா, நீங்கள் சங்கிலி என்று சொல்லிக் கைதட்டு வாங்கிய அதே மாத்திரைதான்.

எழுத வந்தது மாத்திரையைப் பற்றி. ஆனால் இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. வீடியோ அனுப்பிய ஏழு சொந்தக்காரர்களில் ஒருவர்கூட ஐந்து வருடமாக எங்கள் வீட்டு வாசல்படி ஏறியதில்லை. போன தை மாதம் வேறொரு சொந்தக்காரர் வீட்டில் கல்யாணம். பத்திரிகையில் 'குடும்பத்தாருடன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, 'அண்ணனை மட்டும் பார்த்துக்கொள்ளம்மா' என்றார்கள். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். அண்ணன் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார், அவருக்குக் காது கேட்கும். இல்லாத குரலைக் கேட்பவர் என்பதற்காக இருக்கிற குரல் கேட்காது என்று யார் சொன்னது? கல்யாணத்தன்று தானாகவே, 'எனக்குத் தலைவலி, நீங்கள் போய்விட்டு வாருங்கள்' என்றார். நான் போகவில்லை.

இன்னொரு சொந்தக்காரர் அண்ணனைச் சோம்பேறி என்கிறார். குளிக்கச் சொன்னால் குளிப்பதில்லை, வேலைக்குப் போவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. அதுவும் நோய்தான். குரலைவிட அதிக நாள் தங்குவது அதுதான், மருந்து அவ்வளவாக எட்டாத பக்கமும் அதுதான். அண்ணனுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. இந்த வருடம் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறார், மீதிச் சில்லறையைச் சரியாகத் தருகிறார். உங்கள் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. அப்பா இருந்திருந்தால் ஊருக்கே மிட்டாய் கொடுத்திருப்பார்.

'நீ டாக்டர்களுக்கு ஆள் பிடிக்கிறாய்' என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இருபத்தைந்து வருடமாக அரசு ஆஸ்பத்திரியில் இலவச மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறேன். எனக்கு யார் கமிஷன் தரப் போகிறார்கள்?

அந்தத் தகப்பனார் இதைப் படித்தால், அல்லது அவரைத் தெரிந்தவர்கள் யாராவது படித்தால், மகனைக் கூட்டிக்கொண்டு நாளைக் காலையிலேயே பழைய டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அவர் திட்ட மாட்டார், அவர் எங்களைப் போல நிறையப் பேரைப் பார்த்தவர். போக முடியாவிட்டால் 14416 என்ற எண்ணில், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்திலாவது பேசச் சொல்லுங்கள், இரவு எந்த நேரமும் பேசலாம். அந்தத் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை: உங்களை நான் குறை சொல்லவில்லை. என் அப்பாவும் உங்களைப் போலத்தான் நிறுத்தினார்.

மேடை அய்யாவின் அடுத்த கூட்டத்துக்கு மாட்டுத்தாவணி பக்கம் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். மாலை ஏழு மணி, அனுமதி இலவசம் என்று போட்டிருக்கிறது. நான் வருகிறேன், முன்வரிசையில்தான் உட்காருவேன். அண்ணனைக் கூட்டிவர மாட்டேன். அவர் எட்டரைக்கு மாத்திரை போட்டுவிட்டுப் படுக்க வேண்டும்.