'டிரிவியல்' என்று எழுதிய தம்பி

உப்புவெளியில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிற தம்பி ஒருவன் போன கிழமை போனோடு வந்து நின்றான். "நான் மன்னிப்புத்தானே கேட்டனான் அக்கா, ஏன் அந்த மனுசிக்கு இவ்வளவு கோபம்?"

தங்கிப் போன வெளிநாட்டுப் பெண், குளியலறையில் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை என்று எழுதியிருந்தார். இவன், அது 'டிரிவியல்' பிரச்சினை, திருத்திவிட்டோம் என்று பதில் போட்டிருக்கிறான். இவன் நினைத்தது சின்னப் பிரச்சினை. அவருக்குப் போய்ச் சேர்ந்தது, 'இதெல்லாம் ஒரு பிரச்சினையா?' லத்தீனில் மூன்று வீதிகள் கூடும் சந்தியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. நம்முடைய சந்திப் பேச்சு மாதிரி, மலிவானது. 'மைனர்' கொஞ்சம் பரவாயில்லை. அதையும் நான் எழுதமாட்டேன். அடுத்தவர் பட்ட தொல்லைக்கு நாம் ஏன் அளவு போட வேண்டும்?

அவனில் பிழை சொல்ல மனம் வரவில்லை. ஸ்மால், டைனி, மைனூட், பெற்றி, டிரிவியல் என்று ஒரே மூச்சில் பாடமாக்கிய ஆட்கள்தானே நாங்களும். எல்லாவற்றுக்கும் எதிரே 'சிறிய' என்று எழுதியிருக்கும். சொல்லுகிறவரின் முகம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. 'பெற்றி கேஷ்' கந்தோரில் சில்லறைச் செலவுக்கு வைத்திருக்கும் காசு, அதில் ஒரு குறையும் இல்லை. அதே 'பெற்றி'யை ஓர் ஆளுக்குப் போட்டால் அற்பப்புத்தி என்றாகிவிடும். தமிழில் மட்டும் என்ன? சின்னப்பிள்ளை என்றால் யாரும் முறைக்கமாட்டார்கள். சின்னப்புத்தி என்று சொல்லிப்பாருங்கள்.

ஆனால் உவர்மலையில் பின்னேர வகுப்பு எடுக்கும் எனக்கு இதைவிடப் பெரிய தலையிடி 'எ' என்ற ஓர் எழுத்து. 'எ ஃபியூ ஃபிரண்ட்ஸ்' என்றால் நாலைந்து நண்பர்கள் இருக்கிறார்கள். 'எ'யை எடுத்துவிட்டால், அநேகமாக யாருமே இல்லை. தண்ணீர், காசு போல எண்ணிச் சொல்ல முடியாதவற்றுக்கு 'எ லிட்டில்', 'லிட்டில்'. பல வருடம் விதி சொல்லியே களைத்தேன்.

கடைசியில் மீன் வாங்கும்போதுதான் பிடிபட்டது. திருக்கடலூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் வரும் அண்ணன் பெட்டியைத் திறந்து, "நெத்தலி கொஞ்சம் இருக்கு தங்கச்சி" என்றால், நான் சட்டி எடுக்க உள்ளே போவேன். "கொஞ்சந்தான் இருக்கு" என்றால் கேட்கவே கூச்சம், யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறார் போல என்று தோன்றும். இரண்டு நாளும் பெட்டியில் கிடந்தது அதே அரைக் கிலோவாக இருக்கலாம். இங்கிலீஷ்காரர் ஓர் எழுத்தைக் கழற்றிச் செய்கிற வேலையை நாங்கள் 'தான்' ஒட்டிச் செய்கிறோம். அடுத்த நாள் வகுப்பில் நெத்தலியை வைத்தே நடத்தினேன், பத்து நிமிடத்தில் முடிந்தது.

நேரத்திலும் இதே கூத்து. மணித்தியாலத்தை 60ஆகப் பிரித்தால் வருவது முதலாவது சின்னத் துண்டு, அதுதான் மினிட். 'மைனூட்'டும் அதே எழுத்துக்கூட்டல்தான், உச்சரிப்புத்தான் வேறு. மினிட்டை மறுபடி 60ஆக நறுக்கினால் இரண்டாவது சின்னத் துண்டு, செக்கன். நம்முடைய நொடிக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, விரலைச் சொடுக்கினால் போதும்.

தம்பி போனில் 'டிரிவியல்'லை அழித்துவிட்டு, "அப்ப 'டைனி' போடட்டா அக்கா?" என்றான். ஒன்றும் வேண்டாம், தண்ணீர் வரவில்லை, மன்னியுங்கள் என்று மட்டும் எழுது என்றேன். "சரி, ஒரு செக்கன்" என்று வெளியே போனவன் பின்னேரம்தான் திரும்பி வந்தான்.