மணல்திட்டில் இறங்கியவர்களும் உண்டு

போர்க்காலப் பெண்களின் துணிவை நினைவுகூர்ந்த வழிபாட்டில், 1915 அக்டோபர் 12-ல் பிரசல்ஸில் சுட்டுக்கொல்லப்பட்ட செவிலியர் எடித் கேவலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியதாகப் படித்தேன். சரிதான், சுமார் 200 வீரர்களை ஜெர்மானியர் பிடியிலிருந்து தப்பவைத்தவர். ஆனால் ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடம் பக்கம் நடத்தினால் மன்றாட்டில் முதலில் வரவேண்டியவர்கள் வேறு. 1983-க்குப் பிறகு, இலங்கைப் போருக்குத் தப்பி, இடுப்பில் பிள்ளையோடு இரவில் படகேறி, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல் விடியும்வரை கிடந்த அக்காமார். இலங்கையின் தலைமன்னார் அரிச்சல்முனையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான் (வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை). அவர்களில் சிலர் மண்டபம் அகதிகள் முகாமிலேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அடுத்த முறை அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள் சாமி. பூசை முடிந்து டீ கொடுக்கும்போது மட்டும் கூப்பிடாதீர்கள்.